இரவல் கட்டில்: மருத்துவக் கருவி கொடுக்கும் இடத்தில் தொண்டு செய்ய வருபவருக்கு

நோயாளிகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் இரவல் கொடுக்கும் எங்கள் அறைக்குத் தொண்டு செய்ய யார் புதிதாக வந்தாலும், நான் முதலில் கையில் கொடுப்பது ஒரு சின்னக் கத்தரிக்கோலும் பழைய பல் பிரஷும்தான். திரும்பி வந்த சக்கர நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, முன்பக்கத்துச் சின்னச் சக்கரங்களின் அச்சைப் பார்க்கச் சொல்வேன். முடியும் நூலும் அங்கே கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கும். ஈரோட்டைச் சுற்றித் தறி ஓடாத ஊர் குறைவு. அதனால் எங்கள் நாற்காலிகளில் முடியைவிட நூல்தான் அதிகம். சென்னிமலையிலிருந்து வந்தது என்றால் போர்வை நூல், சிவப்பும் பச்சையுமாக இருக்கும். அதை வெட்டி எடுத்து, பிரஷால் தேய்த்து, அச்சில் இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டு விரலால் தட்டினால் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றும். எடுக்காமல் விட்டால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். தள்ளுகிற பெண்ணுக்குத் தோள்பட்டை போய்விடும்.

இந்த வேலையை அரை மணி நேரம் பொறுமையாகச் செய்கிறவரை நான் நம்பிவிடுவேன்.

நான் ஒரு நூல் மில்லில் 26 வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். 2018-இல் ஓய்வு. அதற்கு முந்தைய வருடம் என் மாமியார் குளியலறையில் விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். கட்டிலுக்கு வாடகை, ஏர் பெட் என்கிற காற்று மெத்தைக்கு வாடகை, கக்கூஸுக்கு உட்காரும் கமோடு நாற்காலியை மட்டும் விலைக்கு வாங்கினோம். அவர் போனபிறகு அந்த நாற்காலி திண்ணையில் நின்றது. போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும். யாருக்காவது கொடுக்கலாம் என்று விசாரித்தபோதுதான் இந்த அறக்கட்டளை பற்றிச் சொன்னார்கள். கொடுக்கப் போன இடத்தில், எந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது என்பதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஆணியில் குத்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். ஸ்டோரில் இருந்தவளுக்கு மனசு கேட்குமா? மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டோடு போனேன். அன்றைக்குப் போனவள்தான்.

இப்படி இரவல் கொடுப்பது எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. எருசலேமில் ஊரி லூபோலியான்ஸ்கி என்ற ஆசிரியர், பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் வைக்கும் ஆவிக் கருவியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து வாங்க ஆரம்பித்து, 1976-இல் அது 'யாத் சாரா' என்ற பெரிய அமைப்பானது. நமக்குப் பக்கத்தில், கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, தீராத நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதற்கு ஊர்க்காரர்களையே பழக்கியது. நம் ஊரில் பெரும்பாலும் ஒரு அறை, ஒரு தகரக் கொட்டகை, நாலைந்து பேர். அவ்வளவுதான். வேலை மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கேட்ட பொருளை உடனே தூக்கிக் கொடுக்காதீர்கள்

"வீல்சேர் ஒண்ணு வேணுங்க" என்று வருவார்கள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு, முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. உடனே ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்துவிடத்தான் தோன்றும். முதலில் உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். அப்புறம் கேளுங்கள்: யாருக்கு, என்ன ஆயிற்று, தானாக எழுந்து உட்கார முடியுமா, எடை என்ன இருக்கும், வீட்டில் பகலில் யார் கூட இருக்கிறார்கள், கக்கூஸ் எந்த மாதிரி, வாசலில் எத்தனை படி.

சென்னிமலைப் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். அப்பாவுக்குப் பக்கவாதம், சக்கர நாற்காலி வேண்டும் என்றான். "வாசக்கால் எவ்வளவு அகலம் கண்ணு?" என்று கேட்டேன். வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவை அளக்கச் சொன்னான். "மூணு சாணுக்கு ரெண்டு விரல் கம்மிங்க" என்று அந்த அம்மா சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. சாண் ஒன்பது அங்குலம் என்று வைத்தால் இருபத்தைந்தரை. உட்காரும் இடம் 18 அங்குலம் உள்ள சாதாரண நாற்காலி, வெளிச்சக்கரத்தோடு சேர்த்து 25, 26 அங்குலம் வந்துவிடும். அதற்கு மேல் நிலைப்படி வேறு. அந்த நாற்காலியைக் கொடுத்திருந்தால் திண்ணையில்தான் நின்றிருக்கும். அவன் அப்பாவுக்கு அன்று தேவைப்பட்டது கட்டிலும், கட்டில் ஓரத்தில் வைக்க ஒரு கமோடு நாற்காலியும். இரண்டையும் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். வண்டிக்காரர் டீசல் காசுகூட வாங்கவில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இது சில மாதத் தேவையா, ஆயுள் முழுக்கத் தேவையா? எலும்பு முறிந்து காலில் பிளேட் வைத்திருக்கிறார், மூன்று மாதத்தில் நடந்துவிடுவார் என்றால் நம் பொருள் சரி. முதுகுத்தண்டு அடிபட்டு இனி நாற்காலியில்தான் வாழ்க்கை என்று இருக்கும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு, யார் யாரோ உட்கார்ந்த இரவல் நாற்காலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு உதவி செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வது சரியில்லை என்பது என் எண்ணம். அவருக்குத் தன் உடம்புக்கு அளவான சொந்த நாற்காலி வேண்டும். அதுவரைக்கும் நம்முடையது இருக்கட்டும். கூடவே கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடையாள அட்டை எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் எந்தெந்தத் தாள் வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் கூடவே போங்கள். எங்களிடம் வரும் ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர் இதை மட்டுமே செய்கிறார். சக்கரத்தைத் தொட்டதே இல்லை. அவர் செய்வதும் பெரிய தொண்டுதான்.

வாக்கரை அளக்காமல் கொடுத்த கதை

என் முதல் வருடம். ஒரு பேரன் பைக்கில் வந்து பாட்டிக்கு வாக்கர் கேட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன். உயரம் எதுவும் பார்க்கவில்லை. அதற்கு முன் அதை வைத்திருந்தவர் ஆறடி ஆள். பாட்டி நாலே முக்கால் அடி. தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நடந்திருக்கிறார். நாலாவது நாள் சமையலறைப் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவர்கள் வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போகும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதனால் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளி நேரில் வந்தால், வீட்டில் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கச் சொல்லிக் கையைத் தொங்க விடச் சொல்லுங்கள். உள்பக்க மணிக்கட்டில் ரேகை விழும் இடம்தான் வாக்கர் கைப்பிடியின் உயரம். பிடித்தபிறகு முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், விறைத்து நிற்கக் கூடாது. நாலு காலிலும் உள்ள பொத்தான் ஒரே துளையில் 'டக்' என்று வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு கால் ஒரு துளை கூடியிருந்தாலும் ஆள் சாய்வார். அப்புறம் அடியில் இருக்கும் ரப்பர் புஷ். தேய்ந்து வழவழவென்று இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஈரத் தரையில் அந்த ரப்பர்தான் ஆளைக் காப்பாற்றுகிறது. நோயாளி வராவிட்டால், தரையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு நூலால் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். நூலுக்கா பஞ்சம் நம் ஊரில்.

கைத்தடி எந்தக் கையில் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. வலது முழங்கால் வலி என்றால் தடி இடது கையில். அக்குள் கட்டை கொடுத்தால், அக்குளுக்கும் கட்டையின் மேல் முனைக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய இடம் விடுங்கள். பாரம் உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும்.

வாங்கிப் போகிறவரை எங்கள் வாசலிலேயே பத்தடி நடந்து காட்டச் சொல்வேன். நடக்கப் பழக்க ஆள் வேண்டும் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும் என்பது பல வீடுகளுக்கு நாம் சொல்லித்தான் தெரிகிறது.

கட்டிலும் ஏர் பெட்டும்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொல்லிக் கொடுக்க அதிகம் இல்லை. கால்மாட்டில் இரண்டு சுழற்றுக் கம்பி, ஒன்று தலைப்பக்கத்தைத் தூக்கும், ஒன்று முழங்காலை. சுழற்றி முடித்ததும் கம்பியை உள்ளே மடக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் யார் முழங்காலையாவது பதம் பார்த்துவிடும். சாப்பிடும்போதும் சாப்பிட்டபின் அரை மணி நேரமும் தலைப்பக்கம் தூக்கியே இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு முறை அந்தத் திருகாணியில் கிரீஸ் வையுங்கள்.

ஏர் பெட்டுக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். சின்ன மோட்டார் ஒன்று மெத்தையின் குமிழ்களில் மாற்றி மாற்றிக் காற்றை ஏற்றி இறக்கும். ஒரே இடத்தில் உடம்பு அழுந்தாமல் இருக்க அது உதவும். அதனால் வீட்டுக்காரர்கள், 'இனி புரட்டிப் படுக்க வைக்க வேண்டியதில்லை' என்று நினைத்துவிடுகிறார்கள். படுக்கைப்புண் அப்படித்தான் வருகிறது. மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டித்தான் ஆக வேண்டும். இதை நான் மூன்று முறை சொல்வேன். திருப்பி என்னிடம் சொல்லச் சொல்வேன்.

காற்று போதுமா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஆள் படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கும் கட்டில் மெத்தைக்கும் நடுவில் உள்ளங்கையை மேல்நோக்கி நுழையுங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதாது. ஒரு அங்குலமாவது மெத்துமெத்தென்று இருக்க வேண்டும். போகிற வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து அங்கே நுழைத்தே காட்டுங்கள். வாயால் சொன்னால் நிற்காது. மேலே ஒரு பருத்தி விரிப்பு மட்டும் போதும். ரப்பர் ஷீட், கம்பளி, பழைய புடவை நாலு மடிப்பு என்று அடுக்கினால் காற்று மெத்தைக்கு அர்த்தமே இல்லை. மோட்டாரைத் தரையில் வைக்காமல் கால்மாட்டுக் கம்பியில் மாட்டுங்கள். ஓட்டை விழுந்து திரும்பி வந்தால் சைக்கிள் கடைப் பஞ்சர் பசை இதில் பிடிக்காது, பி.வி.சி. ஒட்டும் பசைதான் வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடம் தெரியும்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்

கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதத்தை நான் மறக்க மாட்டேன். போன் மணி நிற்கவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இந்த மெஷின் எங்களிடம் இரண்டே இரண்டுதான் இருந்தது. அடுத்த சில மாதங்களில் வெளிநாட்டிலிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் நிறைய நன்கொடையாக வந்து, இன்றைக்குப் பல இடங்களில் சும்மா கிடக்கின்றன. சும்மா கிடந்தால் இது கெடும். உள்ளே சியோலைட் என்ற மணல் மாதிரிப் பொருள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடுகிறது. ஓடாமல் கிடந்தால் அந்த மணல் ஈரத்தைக் குடித்துவிடும். அப்புறம் மெஷின் சத்தம் போடும், காற்று வரும், ஆனால் அதில் ஆக்சிஜன் போதாது. அதனால் அலமாரியில் இருக்கும் ஒவ்வொன்றையும் மாதம் ஒரு முறையாவது சில மணி நேரம் ஓட விடுங்கள். கொடுப்பதற்கு முன் சோதனைக் கருவியை வைத்துத் தூய்மை பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 85-க்குக் கீழே இருக்கும் மெஷினை எந்தக் கெஞ்சலுக்கும் கொடுக்காதீர்கள்.

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வைப்பது என்பதை டாக்டர் எழுதித் தர வேண்டும். சீட்டு இல்லாமல் இந்த ஒரு பொருளை நாங்கள் கொடுப்பதே இல்லை. இரண்டு என்று எழுதியிருந்தால் இரண்டு. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களில் சிலருக்கு ஆக்சிஜன் கூடிப்போனாலும் ஆபத்து, கரியமில வாயு உடம்பில் தங்கிவிடும். "மூச்சு வாங்குதுங்க, கொஞ்சம் ஏத்தட்டுங்களா" என்று இரவில் உங்களுக்குப் போன் வரும். டாக்டரைக் கூப்பிடுங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள் என்பதைத் தவிர வேறு பதில் நம் வாயில் வரக் கூடாது.

மின்சாரத்தை மறந்து ஒரு முறை தவறு செய்தோம். கொடுமுடிப் பக்கம் ஒரு வீட்டுக்கு மெஷின் போனது. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. அந்த வீட்டு மருமகள் பாதி அழுகையில் என்னைக் கூப்பிட்டார். பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு சிலிண்டர் கிடைத்து ஆள் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மெஷினோடு ஒரு சின்ன 'பி' டைப் சிலிண்டரும், திறக்கும் சாவியும், ரெகுலேட்டரும் சேர்ந்துதான் போகும். நிரம்பிய பி சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் 12 மணி நேரம். சிலிண்டரை மாட்டித் திறப்பதை அந்த வீட்டில் இரண்டு பேர் நம் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும். ஒருவர் மட்டும் போதாது, அவர் கடைக்குப் போயிருப்பார்.

ஐந்து லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் எட்டு யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்தில் 500 யூனிட். இலவச யூனிட்டை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது பெரிய பில். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பில்லுக்குப் பயந்து ராத்திரி மெஷினை அணைத்துவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எங்களிடம் பில் கட்டுவதற்கென்றே ஒருவர் மாதாமாதம் பணம் தருகிறார்.

சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும். திரைச்சீலைக்குப் பின்னால் வைக்கக் கூடாது. நேராகச் சுவரில் இருக்கும் பிளக்கில் மாட்டுங்கள், ஐந்தாறு ஒயர் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம். பின்பக்க பில்டரை வாரம் ஒரு முறை கழுவி, நன்றாகக் காயவைத்துத்தான் திரும்பப் போட வேண்டும். ஆக்சிஜனை ஈரமாக்க மெஷினில் மாட்டியிருக்கும் தண்ணீர் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர், மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. பேட்டரிக்கு ஊற்றுவது ஆகாது. கிடைக்காத நாளில் நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீர். தினமும் மாற்ற வேண்டும்.

நெருப்பு விஷயத்தைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். பீடி, அடுப்பு என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். சாமி விளக்கை நகர்த்துங்கள் என்றால் முகம் வாடும். "நோயாளி இருக்கிற அறையில வேண்டாங்க, பக்கத்து அறையில ஏத்துங்க, சாமி கோவிச்சுக்காது" என்று நான் சொல்வேன். ஊதுபத்தி, சாம்பிராணிக்கும் இதே. மூக்கு காய்ந்தால் தேங்காய் எண்ணெயும் வாஸ்லினும் தடவாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆக்சிஜனும் எண்ணெயும் சேரக் கூடாது.

கழுவுவது

மூக்குக் குழாய், மருந்தை ஆவியாக இழுக்கும் நெபுலைசர் முகமூடி, சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் குழாய் இவையெல்லாம் ஆளுக்கு ஒன்று, திரும்பி வந்தால் குப்பைதான். மெஷின் மட்டும்தான் இரவல். மற்றதைக் கழுவும்போது முதலில் சோப்புத் தண்ணீர், அழுக்குப் போனபிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசல். லிட்டருக்கு 15 கிராம், அன்றன்றைக்குக் கரைத்தது. பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் இரும்பு துரு ஏறும். கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சிங் கரைசலையும் சேர்த்துவிடாதீர்கள், வரும் வாயு நெஞ்சை அடைக்கும். மோட்டார், கான்சன்ட்ரேட்டர் மாதிரிக் கரண்ட் பொருள்களுக்கு ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

நோட்டும் போனும்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டினால் இரண்டாவது கழுவலில் போய்விடும், பெயின்டில் எழுதுங்கள். எங்கள் கட்டில்கள் க-1 முதல் க-22 வரை. நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பக்கம்: வாங்கியவர் பெயர், இரண்டு போன் நம்பர், வீட்டு அடையாளம், கொடுத்த தேதி, எப்போது கூப்பிட்டோம், என்ன சொன்னார்கள். 'மாரியம்மன் கோயில் பின்சந்து, வேப்பமரத்து வீடு' என்று எழுதினால்தான் வண்டிக்காரர் கண்டுபிடிப்பார், கதவு எண்ணை வைத்து முடியாது. ஆதார் நகல் வாங்கினால் பூட்டிய அலமாரியில் வையுங்கள், பொருள் திரும்பியதும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முன்பணம் அதிகம் வாங்கினால்தான் பொருள் திரும்பி வரும் என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐயாயிரம் கொடுக்க முடிந்தவர் வாடகைக்கே எடுத்துவிடுவார். பொருளைத் திரும்பக் கொண்டுவருவது மாதம் ஒரு போன் கால்தான். பொருள் வராத வீடுகளில் பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணம் கிடையாது. மாடியிலிருந்து இறக்க ஆள் இருக்காது, வண்டிக்குக் காசு இருக்காது, அல்லது அந்தக் கட்டிலைத் தொட யாருக்கும் மனம் வந்திருக்காது.

அந்தப் போனை எப்படிப் பேசுவது என்பதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

ஒரு முறை நான் நோட்டைப் பார்த்து, உற்சாகமாக, "ஏனுங்க, அய்யா எப்படி இருக்காருங்க? எந்திரிச்சு உக்கார்றாருங்களா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் மகள், "கருமாதி முடிஞ்சு நாலு நாளாச்சுங்கக்கா" என்றார். எனக்குக் கை நடுங்கியது.

இப்போது இப்படித்தான் பேசுகிறேன். என் பெயர், எங்கிருந்து பேசுகிறேன், இரண்டையும் மெதுவாகச் சொல்வேன். "வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தாங்க கூப்பிட்டேன்" என்பேன். நிறுத்திவிடுவேன். நோயாளியின் பெயரை நான் எடுக்க மாட்டேன், கட்டில் என்ற சொல்லையும் எடுக்க மாட்டேன். அவர்கள் சொல்லட்டும். நன்றாக இருக்கிறார் என்றால் புண் இருக்கிறதா, சாப்பிடுகிறாரா, வேறு ஏதாவது வேண்டுமா என்று பேச்சு தானாகப் போகும். போய்விட்டார் என்றால் கேட்டுக்கொண்டிருங்கள். கடைசி நாள் எப்படி இருந்தது என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள். வாசலில் யார் காத்திருந்தாலும் சரி.

பெரும்பாலும் அவர்களே கட்டில் பேச்சை எடுப்பார்கள். "உங்க கட்டில் இங்கயே இருக்குங்க, நாங்க கொண்டாந்து தரோணும்" என்பார்கள். "நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க, உங்களுக்குத் தோதான நாள் சொல்லுங்க, நாங்களே வண்டி அனுப்பறோம்" என்று சொல்லுங்கள். சில வீட்டில் அன்றைக்கே எடுத்துப் போகச் சொல்வார்கள், பார்க்க முடியவில்லை என்று. சிலர் மாதக் கணக்கில் அவகாசம் கேட்பார்கள். இரண்டாவது வகைக்கு ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, "இதே மாதிரி ஒரு அய்யா கட்டிலுக்குக் காத்திருக்காருங்க" என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். பொய்யாக அவசரம் காட்டாதீர்கள். காத்திருப்போர் பட்டியல் உண்மையிலேயே இருக்கும், அதைச் சொன்னாலே போதும்.

எடுக்கப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள், செருப்பை வெளியே விடுங்கள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் ஸ்பானரையும் கம்பியையும் தடதடவென்று போடாதீர்கள், ஒரு பழைய துணியை விரித்து அதன்மேல் வையுங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் நமக்கு இல்லை. அதனால் கையெழுத்து வாங்குவது, ஆதார் நகலைக் கொடுப்பது எல்லாவற்றையும் வெளியே வண்டிக்குப் பக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

மிச்சமிருக்கும் மருந்துகளையும் பையில் போட்டுக் கொடுப்பார்கள். பிரிக்காத டயபர் பாக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள், மருந்தை வாங்காதீர்கள். மார்பின் மாத்திரை இருந்தால் எந்த ஆஸ்பத்திரி கொடுத்ததோ அங்கேயே ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

சரி, வருவதென்றால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். பழைய உடுப்பு, மதியச் சாப்பாடு, படிக்கக் கண்ணாடி தேவைப்பட்டால் அது. எடை தூக்க முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. வாசலில் இப்போது ஆறு நாற்காலி கவிழ்த்துப் போட்டுக் கிடக்கிறது. மதியத்துக்கு மேல் நான் நோட்டை எடுப்பேன். க-14 பவானியில் ஒரு வீட்டில் இருக்கிறது, கொடுத்து முப்பது நாள் ஆகிறது. அந்த வீட்டை நான் கூப்பிடும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த வீட்டை நீங்கள் கூப்பிடலாம்.